மன்னார்க் கரையின் புவிச்சரிதம்: அறிவும் அதன் உரிமையும்

ஒரு நாட்டின் வரலாற்றை அறிய விழைவோர் கல்வெட்டையும் செப்பேட்டையும் ஏட்டுச்சுவடியையும் தேடிச் செல்வது இயல்பு. ஆயின் எழுத்துத் தோன்றுவதற்கு முன்னரே எழுதப்பட்ட ஆவணங்களும் உள. பாறையும் மணலும் சிப்பியும் அத்தகைய ஆவணங்களாகும். அவற்றை முறையாகப் படித்துணரும் துறையே புவிச்சரிதவியல் எனப்படும். ஒரு பிரதேசத்தின் புவிச்சரிதம் ஒன்று. அப்புவிச்சரிதத்தை மனிதர் கற்றறிந்த வரலாறு மற்றொன்று. முன்னையது கோடிக்கணக்கான ஆண்டுகளாக நீள்வது. பின்னையது ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டு எல்லைக்குள் அடங்குவது. எனினும், மக்கள் வாழ்வோடு நேரே தொடர்புடையது பின்னையதே. மண்ணைப் பற்றிய அறிவை யார் தேடினர், எதன்பொருட்டுத் தேடினர், தேடிப் பெற்றதை எவர் கையில் ஒப்படைத்தனர் என்னும் வினாக்கள் அதனுள் அடங்கியுள்ளன.

மன்னார்த் தீவும் அதனை அடுத்த பெருநிலக் கரையும் இவ்வினாக்களை எழுப்புவதற்கு மிகப் பொருத்தமான களமாகும். இக்கரை முத்துக்காக ஒருமுறையும், கனியங்களுக்காக ஒருமுறையும், எண்ணெய்க்காக ஒருமுறையும், மணலுக்காக ஒருமுறையும் ஆராயப்பட்டுள்ளது. ஒவ்வொரு முறையும் வினா வெளியிலிருந்து வந்தது. விடையும் பெரும்பாலும் வெளியிலேயே தங்கிற்று. இவ்வுண்மையை வரலாற்று முறையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலத்தின் இயல்பு

இலங்கையின் நிலப்பரப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு மிகத் தொன்மையான பளிங்குருப் பாறைகளாலானது. வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் உருமாறிய இப்பாறைகளில் உயிர்ச்சுவடு காண்பது அரிது. எஞ்சிய ஒரு பங்கு, யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து மன்னார் வழியாகப் புத்தளம் வரை நீண்டு கிடக்கும் படிவுப் பாறைப் பட்டையாகும். இப்பட்டையின் முதன்மையான பாறை மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். ஆழமற்ற வெப்பக் கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்களின் ஓடுகளும் சிப்பிகளும் பவளங்களும் படிந்து இறுகியதால் அது தோன்றிற்று. கேரளத்தின் கொல்லம் பகுதியிற் காணப்படும் படிவுகளுக்கும் இதற்கும் உயிர்ச்சுவட்டு ஒப்புமை உண்டென்பது அறிஞர் துணிபு.

மன்னார்த் தீவு இச்சுண்ணாம்புக்கல்லின்மீது அண்மைக் காலத்தில் குவிந்த மணலாலான தீவாகும். தென்கிழக்கிலிருந்து வடமேற்காக ஏறக்குறைய 26 கிலோமீற்றர் நீளமுடையது. மலையோ குன்றோ ஆறோ இல்லாதது. தலைமன்னாருக்கு அப்பால் மணற்றீடைகள் தனுஷ்கோடி வரை தொடர்கின்றன. வடக்கே பாக்குக் குடா மிக ஆழங்குறைந்தது. தெற்கே மன்னார் வளைகுடா ஆயிரம் மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்துக்குச் சரிந்து செல்கின்றது. ஒரு மெல்லிய மணற்கோடு இவ்விரு கடல்களையும் பிரித்து நிற்பதே இப்பிரதேசத்தின் தனித்தன்மை. ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன்னர், பனிக்கட்டி மிகுந்திருந்த காலத்தில், உலகின் கடல் மட்டம் இன்றைய நிலையினும் சுமார் 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. அக்காலத்தில் பாக்குக் குடா முழுவதும் உலர்ந்த நிலமாயிருந்தது. இன்றிலிருந்து ஏழாயிரம் ஆண்டுகள் அளவில்தான் உயர்ந்துவந்த கடல் இலங்கையைத் தென்னிந்தியாவினின்றும் இறுதியாகப் பிரித்தது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்தாகும்.

பாரும் சலாபமும்

மன்னார்க் கடலடியை முதன்முதலில் ஆராய்ந்தோர் பட்டம் பெற்ற அறிஞர் அல்லர். மூச்சடக்கி மூழ்கிய குளியாளரே. கடலடியில் மணற்பரப்பினிடையே மேலெழுந்து கிடக்கும் கற்றளத்தை அவர்கள் பார் என வழங்கினர். முத்துச்சிப்பி பற்றிக்கொள்ளக் கல் வேண்டும். மணலில் அது நிலைபெறாது. ஆதலால் பார் எங்குள்ளது, அதன் எல்லை யாது, அதன்மேல் மணல் ஏறியுள்ளதா என்பனவற்றை அறிவது அவர்களுக்குப் பிழைப்பின் அடிப்படையாயிற்று. பெரியபார், செவல்பார், மோதரகம்பார் என அவர்கள் இட்ட பெயர்கள் பின்னர் ஆங்கில அறிக்கைகளிலும் கடல் வரைபடங்களிலும் அப்படியே இடம்பெற்றன. தமிழ்ச் சொல்லொன்று கடலாய்வு நூல்களிற் கலைச்சொல்லாகவே நிலைத்தமைக்கு இது சிறந்த எடுத்துக்காட்டாகும். முத்துக்குளிப்பைக் குறித்த சலாபம் என்னும் சொல்லும் சிலாபத்துறை என்னும் ஊர்ப்பெயரில் இன்றளவும் வாழ்கின்றது.

பிரித்தானியர் காலத்தில் முத்துச் சலாபம் அரசின் வருவாய்க்கு முக்கிய ஊற்றாயிற்று. 1891 ஆம் ஆண்டுக்குப் பின்னர் பல ஆண்டுகளாகக் குளிப்பு நடைபெறாது போகவே, அரசு காரணமறிய விரும்பியது. லிவர்ப்பூல் பேராசிரியர் வில்லியம் ஹேட்மன் 1902 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தார். அவருடன் ஜேம்ஸ் ஹோர்னெல் பணிபுரிந்தார். இவர்களது ஆய்வறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக இலண்டன் ரோயல் கழகத்தால் வெளியிடப்பட்டது. சிப்பியின் உயிரியலே அதன் மையப்பொருள் எனினும், கடலடியின் அமைப்பும் அதில் விரிவாக ஆராயப்பட்டது.

அவ்வாய்வில் வெளிப்பட்ட உண்மையொன்று புவிச்சரிதவியல் நோக்கில் சிறப்புடையது. பெரியபாரில் இளஞ்சிப்பி மீண்டும் மீண்டும் பெருந்தொகையாகப் படிந்தும், குளிப்புக்கு ஏற்ற பருவம் எய்து முன்னரே மறைந்துபோவது வழக்கமாயிருந்தது. அப்பார் கண்டமேடையின் விளிம்பருகே, தென்மேற்குப் பருவக்காற்றின் அலைவேகத்துக்கு நேரே கிடப்பதும், அலையால் நகரும் மணல் இளஞ்சிப்பிகளை மூடிவிடுவதும் அதற்கு முக்கிய காரணங்களென ஹேட்மன் கண்டார். அங்குள்ள இளஞ்சிப்பிகளைப் பாதுகாப்பான பிற பார்களுக்குப் பெயர்த்தல் வேண்டுமென்றும், மணற்பாங்கான இடங்களிற் கல் பரப்பிச் சிப்பி பற்ற இடமளித்தல் வேண்டுமென்றும் அவர் பரிந்துரைத்தார். ஆகவே, முத்தின் பொருளாதாரம் மணலின் அசைவில் தங்கியிருந்தது என்பது இங்கு நிறுவப்பட்டது.

இவ்வறிவின் பயன் யாது? 1905 ஆம் ஆண்டுச் சலாபத்தில் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அப்பெருவிளைவைக் கண்ட அரசு 1906 இல் முத்துப்பார்களை இலண்டன் கம்பனியொன்றுக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு அளித்தது. சில ஆண்டுகளிலேயே சிப்பி அருகிற்று. கம்பனியும் குத்தகைக்காலம் முடியுமுன்னரே கலைந்தது. 1925 ஆம் ஆண்டுக்குப் பின்னர் மன்னாரில் குறிப்பிடத்தக்க பெருங்குளிப்பு நிகழவில்லை. மணலின் இயல்பை விளக்கிய ஐந்து தொகுதிகளும் நூலகங்களில் நிலைபெற்றன. அம்மணலை முதலில் அறிந்த குளியாளரின் தொழில் அழிந்தது. சலாபக் காலத்தில் வந்து தங்குவதற்கென ஆளுநர் பிரெடெரிக் நோத் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரிப்பிற் கட்டிய மாளிகை, கடல் கரையை அரித்து வந்ததால் இன்று சிதைந்த சுவர்களாக நிற்கின்றது. அரிப்பு என்னும் ஊர்ப்பெயரே அக்கரையின் புவிச்சரிதத்தைக் கூறுவதுபோல் அமைந்திருத்தல் நோக்கற்பாலது.

தீடைகளை ஆராய்ந்தோர்

முத்தைக் கருதாது நிலவமைப்பை அறியும் வேட்கையால் இக்கடற்பகுதிக்கு வந்தவர்களும் உளர். இந்தியப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தைச் சேர்ந்த ரொபேட் புரூஸ் பூட், எதிர்க்கரையான மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் புவிச்சரிதத்தை 1883 இல் நூலாக வெளியிட்டார். ஜெர்மானிய அறிஞர் யொகன்னெஸ் வால்தர் ஆதாம் பாலத்தையும் பாக்கு நீரிணையின் பவளப்பார்களையும் ஆராய்ந்து 1891 இல் ஒரு தனிநூல் எழுதினார். ஒன்றன்மேலொன்றாகக் காணப்படும் படிவுகள், ஒருகாலத்தில் ஒன்றன் பக்கத்திலொன்றாகக் கிடந்த சூழல்களையே காட்டுகின்றன என்னும் விதி இவர் பெயரால் இன்றும் உலகெங்கும் கற்பிக்கப்படுகின்றது. பாறையைப் புரிந்துகொள்ள இன்று உருவாகிவரும் படிவைக் காணவேண்டும் என்பது இவரது நெறி. அந்நெறிக்குச் சேதுக்கடலின் பவளமும் மணலும் நல்ல பாடசாலையாயின.

1972 இல் டேவிட் ஸ்ரொடார்ட், கோபிநாத பிள்ளை ஆகியோர் இராமநாதபுரக் கரையின் உயர்ந்த பவளப்பார்களை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை, அங்குள்ள பவளத்தின் வயதை ஏறக்குறைய 4,000 ஆண்டுகள் எனக் கரியக் கணிப்பால் காட்டியது. கடல்மட்டம் அக்காலத்தில் இன்றையதினும் சற்று உயர்ந்திருந்திருக்கலாம் என்ற கருத்துக்கு இது ஆதாரமாகக் கொள்ளப்பட்டது. தீடைகள் அலையாலும் நீரோட்டத்தாலும் நாள்தோறும் உருமாறுவன. அவற்றின் அடியிலுள்ள பாறைத்திடலோ பழைமையானது. இவ்விரண்டையும் வேறுபடுத்தாது பேசுவதனாலேயே சேதுவைப் பற்றிய வாதங்கள் பல மயக்கமுறுகின்றன. சமயநம்பிக்கை தனக்குரிய தளத்தில் நிற்பது. மணலின் வயதும் பாறையின் வயதும் ஆய்வுகூடத்தில் அறியப்படுவன.

தீடைகளைப் பற்றிய அறிவும் விரைவிலேயே பயன்பாட்டு நோக்குக்குள் இழுக்கப்பட்டது. கப்பற் கால்வாய் வெட்டும் யோசனையை ஆல்பிரட் டண்டாஸ் ரெயிலர் 1860 இல் முன்வைத்தார். தீடைகளின்மீது புகையிரதப் பாதை அமைக்கும் எண்ணமும் எழுந்து கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக 1914 இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்குமிடையே கப்பற்சேவை தொடங்கியது. 1964 டிசெம்பர்ச் சூறாவளி தனுஷ்கோடியை அழித்தது. 2005 இல் தொடங்கப்பட்ட சேதுக் கால்வாய்ப் பணி, ஆதாம் பாலப் பகுதியில் 2007 இல் இந்திய உயர்நீதிமன்ற ஆணையால் நிறுத்தப்பட்டது. ஒன்றரை நூற்றாண்டுத் திட்டங்களுக்குப் பின்னரும் தீடைகள் தம் இயல்பிலேயே அசைந்துகொண்டிருக்கின்றன.

அளவைத் திணைக்களத்தின் தோற்றம்

இலங்கையில் முறையான புவிச்சரிதவியல் ஆய்வு, கலைவரலாற்றறிஞராக உலகறிந்த ஆனந்த குமாரசுவாமியிடமிருந்து தொடங்குகின்றது என்பது பலர் கருத்திற் கொள்ளாத செய்தியாகும். 1877 இற் கொழும்பிற் பிறந்த அவர், இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் பயின்று 1900 இற் பட்டம் பெற்றார். 1903 இல் தொடங்கிய கனிய அளவையின் முதல் இயக்குநராக 1906 வரை பணியாற்றினார். தோரியனைற்று என்னும் புதிய கனியம் அவரது பணியின்போது கண்டறியப்பட்டது. கல்லைத் தேடி ஊர்தோறும் சென்றபோது கைவினைஞரின் வாழ்வு சிதைவதைக் கண்டு அவர் மனம் கலைப்பக்கம் திரும்பியதை அவரது வாழ்க்கையை எழுதியோர் குறிப்பிடுவர். நிலத்தை அறிவதும் அந்நிலத்து மக்களை அறிவதும் அவரிடத்தில் ஒன்றாகவே இருந்தன என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

குமாரசுவாமியின் அளவை பெரும்பாலும் உள்நாட்டுப் பளிங்குருப் பாறைகளையும் அவற்றின் கனியங்களையும் நோக்கியது. வடமேற்குப் படிவுப் பட்டைக்கு உரிய கவனத்தைப் பெற்றுத் தந்தவர் வேலண்ட் ஆவார். இலங்கையின் கற்காலம் பற்றி அவர் 1919 இல் எழுதினார். மோர்லி டேவிஸுடன் சேர்ந்து இலங்கையின் மயோசீன் படிவுகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1923 இல் இலண்டன் புவிச்சரிதவியற் கழகத்தின் ஏட்டில் வெளிவந்தது. அதற்கு முந்திய ஆண்டில், புத்தளத்தை அடுத்த தப்போவாப் படிவிற் கிடைத்த யூராசிக் காலத் தாவரச் சுவடுகளைச் சீவாட், ஹொல்ற்றம் ஆகியோர் அதே ஏட்டில் விவரித்தனர். இவ்விரு கட்டுரைகளும் வடமேற்குக் கரையில் நாட்டின் பிற பகுதிகளிற் காண்டற்கரிய உயிர்வரலாறு பொதிந்துள்ளது என்பதை உணர்த்தின. ஆயினும் அவை அச்சேறிய இடம் இலண்டன். அவற்றின் மொழி ஆங்கிலம். மன்னாரில் அவற்றைக் கண்ணுற்றோர் எத்தனை பேர் இருந்திருத்தல் கூடும் என்பது எளிதில் ஊகிக்கத்தக்கது.

1935 இல் கோற்ஸ் என்பார் இலங்கையின் புவிச்சரிதத்தைத் தொகுத்தெழுதினார். 1938 முதல் 1944 வரை அரசாங்கக் கனியவியலாளராக இருந்த இந்திய அறிஞர் வாடியா, இலங்கை ஒன்றன்மேலொன்றாக அமைந்த மூன்று சமவெளிப் படிகளையுடையது என விளக்கினார். அவற்றுள் கடற்கரையை அடுத்த முதற்படியிலேயே மன்னார் அடங்குகின்றது. கனியவியற்றிணைக்களம் 1962 இற் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களமெனப் பெயர் பெற்றது. கூரே எழுதிய இலங்கைப் புவிச்சரிதவியல் அறிமுக நூல் 1967 இல் வெளிவந்து, மாணவர்க்குப் பொதுநூலாக விளங்கிற்று. அதன் திருத்திய பதிப்பு 1984 இல் வந்தது.

முருங்கனின் களியும் நீரும்

திணைக்களத்தின் பணி மன்னார் மக்களுக்கு நேரடியாகப் பயன் தந்த துறை நிலத்தடி நீராகும். பெருநிலத்தில் முருங்கன் பகுதியில், சுண்ணாம்புக்கற் படைகளில் அமுக்கத்துடன் அடைபட்டிருக்கும் நீர் ஆழ்துளைக் கிணறுகளால் வெளிக்கொணரப்பட்டது. மேலேயுள்ள நீர்புகாப் படையைத் துளைத்தவுடன் நீர் தானே மேலெழும் இத்தகைய நிலை, படிவுப் பட்டைக்கே உரிய சிறப்பு. பளிங்குருப் பாறை நிலத்தில் அதனை எதிர்பார்த்தல் இயலாது. கட்டுக்கரைக்குளத்தின் கீழ் நெல் விளைந்த இப்பிரதேசத்தில், குளநீரோடு நிலத்தடி நீரும் உண்டென அறியப்பட்டமை ஒரு பேறாகும்.

முருங்கனின் கருங்களி மற்றொரு வகையிற் பயன்பட்டது. 1950 இல் உற்பத்தி தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்குச் சுண்ணாம்புக்கல் அவ்விடத்திலேயே கிடைத்தது. களி முருங்கனிலிருந்து சென்றது. வயல் உழவன் காலிற் பிசுபிசுத்த களியே நாட்டின் கட்டடங்களுக்கு உறுதியாயிற்று. 1990 இற் போரினால் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. நிலத்தை ஆராய்வது நிலத்துக்குரியோரை ஏழையாக்கியே தீரும் என்பதில்லை. ஆய்வின் நோக்கமும் பயனைப் பங்கிடும் முறையுமே அதனைத் தீர்மானிக்கின்றன என்பதற்கு முருங்கன் சான்றாகும்.

பேசாலையில் துளைத்த கிணறுகள்

கோண்டுவானாப் பெருங்கண்டம் பிளவுபட்ட காலத்தில் இந்தியாவுக்கும் இலங்கைக்குமிடையே நிலம் இழுபட்டுத் தாழ்ந்து பள்ளங்கள் தோன்றின. அவற்றுள் யூராசிக், கிரேத்தேசியக் காலந்தொட்டுப் படிவுகள் நிரம்பின. வடக்கிலுள்ளது காவேரிப் படிவுப் பள்ளம். தெற்கிலுள்ளது மன்னார்ப் படிவுப் பள்ளம். இந்தியப் பகுதியில் எண்ணெய் தேடும் பணி தொடங்கியபோது இலங்கையும் அதே பள்ளத்தின் கீழ்ப்பாதி தனக்குரியதென உணர்ந்தது. 1960 களின் பிற்பகுதியில் நிலநடுக்க அலைமுறை அளவைகள் நடத்தப்பட்டன. 1970 களில் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் சோவியத் நாட்டு உதவியுடன் மன்னார்த் தீவிலுள்ள பேசாலையில் மூன்று கிணறுகளைத் துளைத்தது. ஈராயிரம் மீற்றருக்கும் மேற்பட்ட ஆழம் வரை அவை சென்றன. பனையும் உடையும் நிற்கும் மீன்பிடிக் கிராமமொன்றின் பெயர் இவ்வாறு உலகப் பெற்றோலிய ஆவணங்களில் இடம்பெற்றது.

வணிக அளவில் எண்ணெய் கிடைக்கவில்லை. 1970 களிலும் 1981 இலும் அமெரிக்கக் கம்பனிகள் கடலில் துளைத்த கிணறுகளும் அவ்வாறே முடிந்தன. ஆயினும் அறிவுத்துறையில் அவை தோல்வியல்ல. தீவின் மணலுக்கும் சுண்ணாம்புக்கல்லுக்கும் கீழே கிரேத்தேசியக் காலப் படிவுகள் தடித்துக் கிடப்பதை இக்கிணறுகளே முதன்முதலில் மெய்ப்பித்தன.

இரண்டாம் கட்டம் 2001 இல் மன்னார் வளைகுடாவில் நடத்தப்பட்ட புதிய அளவைகளுடன் தொடங்கிற்று. 2008 இல் கெயார்ன் நிறுவனத்துடன் உடன்படிக்கை ஏற்பட்டது. 2011 இல் ஆழ்கடலிற் டொராடோ, பரக்கூடா எனப் பெயரிடப்பட்ட இரு கிணறுகளில் இயற்கை வாயு காணப்பட்டது. இலங்கையின் முதல் ஐதரோக்காபன் கண்டுபிடிப்பு இதுவே. எனினும் விலைவீழ்ச்சி முதலிய காரணங்களால் அந்நிறுவனம் 2015 இல் வெளியேறியது. வாயு கடலடியிலேயே உள்ளது.

கழகத்தின் தோற்றமும் போர்க்கால இடைவெளியும்

அறிவுத்துறையொன்று அரசுத் திணைக்களத்தின் எல்லையைக் கடந்து வளர்வதற்குக் கழகங்கள் இன்றியமையாதன. இலண்டன் புவிச்சரிதவியற் கழகம் 1807 இல் தோன்றியது. தொழில்முறை அறிஞரல்லாத ஆர்வலருக்கென 1858 இல் அங்கு மற்றொரு சங்கம் உருவாயிற்று. ஆசிரியரும் எழுதுவினைஞரும் விடுமுறை நாளில் கற்சுரங்கங்களுக்குச் சென்று பாறையைப் பார்த்துக் குறிப்பெழுதியதால் அந்நாட்டில் சிற்றூர்தோறும் புவிச்சரித அறிவு பரவிற்று. இந்தியப் புவிச்சரிதவியற் கழகம் 1958 இல் நிறுவப்பட்டது. இலங்கைப் புவிச்சரிதவியற் கழகம் 1983 இல் தோன்றியது. ஆண்டுக் கூட்டங்களை நடத்துவதும், ஆய்வேடு வெளியிடுவதும், ஆனந்த குமாரசுவாமியின் பெயரால் பதக்கம் வழங்குவதும் அதன் பணிகளுட் குறிப்பிடத்தக்கன.

அக்கழகம் தோன்றிய ஆண்டே நாட்டின் இனமுரண்பாடு போராக வெடித்த ஆண்டுமாகும். 1980 களில் ஜெர்மானிய அறிஞருடன் இணைந்து நடத்தப்பட்ட பேராய்வுகள் தெற்கின் பளிங்குருப் பாறைகளைப் பற்றிய அறிவைப் புதுப்பித்தன. வடமேற்குப் படிவுப் பட்டையோ கள ஆய்வாளர் எளிதில் அணுகவியலாத நிலமாயிற்று. மாதோட்டத்தில் யோன் காஸ்வெல் தலைமையில் 1980 முதல் நடந்த தொல்லியல் அகழ்வு 1984 உடன் நின்றது. அதன் முழு அறிக்கை 2013 இலேதான் நூலாயிற்று. 1990 இல் தீவை இணைத்த பாலம் தகர்க்கப்பட்டது. அதே ஆண்டு ஒக்ரோபரில் தீவின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். தமிழ் மக்களும் பலமுறை இடம்பெயர்ந்தனர். எக்கிணறு எம்மாதத்தில் உவர்க்கும், எக்கரையை எவ்வாண்டுக் கடல் அரித்தது என்னும் வாய்மொழி அறிவு, ஓரிடத்திலே தலைமுறையாக வாழ்வோரிடம் மட்டுமே தங்குவது. மக்கள் சிதறியபோது அவ்வறிவும் சிதறிற்று. இவ்விழப்பு எந்த அறிக்கையிலும் கணக்கிடப்படவில்லை. புதிய பாலம் 2010 இலும் தலைமன்னார் வரையான புகையிரதப்பாதை 2015 இலும் திறக்கப்பட்டன.

மணலும் நன்னீரும்

இன்று மன்னாரின் புவிச்சரிதம் மீண்டும் விவாதத்துக்குரிய பொருளாகியுள்ளது. தீவின் மணலில் இல்மனைற்று முதலிய பாரக்கனியங்கள் கலந்துள்ளன. உள்நாட்டுப் பாறைகள் சிதைந்து, ஆறுகளால் கடலுக்குக் கொணரப்பட்டு, அலையால் தரம் பிரிக்கப்பட்டதால் அவை சேர்ந்தன. சாதாரண மணலின் முக்கிய உறுப்பான படிகத்தின் தன்னீர்ப்பு ஏறக்குறைய 2.65, இல்மனைற்றினது ஏறக்குறைய 4.7. பாரம் மிகுந்தது தங்க, பாரம் குறைந்தது அடித்துச் செல்லப்படும். கீழ்க்கரையிலுள்ள புல்மோட்டையில் இத்தகைய மணலை எடுப்பதற்கென அரசுக் கூட்டுத்தாபனம் 1957 இலேயே நிறுவப்பட்டது. மன்னாரில் அண்மைக் காலத்தில் ஆசுத்திரேலிய நிறுவனமொன்று துளையிட்டு ஆய்வு நடத்தியுள்ளது. இதனையும், தீவின் தென்கரையில் 2020 இல் இயங்கத் தொடங்கிய காற்றாலைத் திட்டத்தின் விரிவாக்கத்தையும் எதிர்த்து 2025 இல் மன்னார் மக்கள் பெரும் போராட்டம் நடத்தினர்.

இவ்விவாதத்தின் உயிர்நிலையை விளக்குவது புவிச்சரிதவியலின் எளிய உண்மையொன்றேயாகும். ஆறில்லாத தீவில் குடிநீர் மழையால் மட்டுமே கிடைக்கின்றது. மணலுள் இறங்கிய மழைநீர், உவர்நீரினும் பாரம் குறைந்ததாகையால், அதன்மேல் ஒரு வில்லை போல் மிதந்து நிற்கும். நன்னீரின் அடர்த்தி 1 எனின் கடல்நீரின் அடர்த்தி 1.025. இவ்வேறுபாட்டின்படி, கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீற்றர் உயர்ந்திருப்பின் கீழே ஏறக்குறைய 40 மீற்றர் வரை நன்னீர் நிலைபெறும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கைபென், ஹேர்ஸ்பேர்க் ஆகியோர் தனித்தனியே கண்ட விதியாகும். படைகளின் தடிப்பும் மழையளவும் உண்மை ஆழத்தை மாற்றுமாயினும் விதியின் கருத்து மாறாது. மேல்மட்டம் சிறிது தாழ்ந்தாலும் கீழ்மட்டம் பன்மடங்கு மேலெழும். ஆகவே மணற்றிட்டி என்பது வெறும் மணற்குவியல் அன்று. அது தீவின் நீர்க்கொள்கலம். கனியத்தைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய மணலை மீளக் கொட்டினாலும் பழைய படையொழுங்கும் உயரமும் அவ்வாறே மீளுமா என்பது ஆய்ந்து விடைகாண வேண்டிய வினாவாகும். அவ்வினாவுக்கு விடை காணுமுன்னர் எடுத்த மணலை மீட்டல் அரிது.

எதிர்ப்பவர் யாவரும் அறிவியலுக்கு எதிரானோர் எனவும், ஆதரிப்பவர் யாவரும் நாட்டுக்கு எதிரானோர் எனவும் கூறுதல் பொருந்தாது. கனிய வருவாய் நாட்டுக்கு வேண்டப்படுவதே. ஆயினும் கிணற்று நீர்மட்டத்தின் நீண்டகால அளவீடு, உவரேற்றத்தின் பருவ மாற்றம், கரையரிப்பின் வேகம் ஆகியன பொதுமக்கள் கையிலும் அவர்தம் மொழியிலும் இருந்தாலன்றி அறிவார்ந்த முடிவெடுத்தல் இயலாது. நிறுவனத்தின் துளைக்குறிப்பு நிறுவனத்திடமும், திணைக்களத்தின் படம் கொழும்பிலும் இருக்க, ஊரவர் கையில் அச்சம் மட்டுமே எஞ்சுமாயின், அச்சத்தைக் குறைகூறுதல் நீதியாகாது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் சில உண்மைகள் புலனாகும். மன்னார்க் கரையின் புவிச்சரித அறிவு படிப்படியாக வளர்ந்து, கடலடிப் பாரிலிருந்து ஈராயிரம் மீற்றர் ஆழம்வரை சென்றுள்ளது. அவ்வளர்ச்சியைப் பெரும்பாலும் இயக்கியது எடுக்கத்தக்க பொருளொன்றின் மீதான நாட்டமே. முத்தை எடுத்தோர் பாரை அறிந்தனர். எண்ணெய் தேடியோர் பள்ளத்தை அறிந்தனர். மணல் நாடுவோர் திட்டியை அறிகின்றனர். வால்தரும் வேலண்டும் போன்ற சிலர் அறிதலையே பயனாகக் கொண்டு வந்தனர்; அவர்களது எழுத்தும் இவ்வூர் மொழியை எட்டவில்லை. இவ்வரலாற்றில் மன்னாரில் தோன்றி, மன்னாரிலேயே கூடி, அம்மண்ணைக் குறித்து ஆண்டுதோறும் அறிக்கை எழுதிய கழகமொன்றின் பெயர் வரவில்லை என்பதே அதன் பெருங்குறை.

அக்குறையை நீக்கப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. பாடசாலை தோறும் ஒரு கிணற்றின் நீர்மட்டத்தையும் உவர்ப்பையும் மாதந்தோறும் அளந்து எழுதலாம். அரிப்பிலும் வங்காலையிலும் பேசாலையிலும் நிலையான அடையாளம் நாட்டிக் கரையின் நகர்வைக் குறிக்கலாம். பார், தீடை, திட்டி என மீனவரும் குளியாளரும் வழங்கிய சொற்களை அவற்றின் பொருளோடு தொகுக்கலாம். யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் பயிலும் மாணவர், 1923 ஆம் ஆண்டுக் கட்டுரை முதலாக உள்ள ஆய்வுகளைத் தமிழில் தந்து, அவற்றின் முடிவுகளைக் கிராமச் சங்கங்களின் முன் வைக்கலாம். பிறர் எழுதிய அறிக்கையை ஏற்பதற்கும் மறுப்பதற்கும் தகுதி, சொந்தக் கணக்கு வைத்திருப்போர்க்கே உண்டு. பாரின் எல்லையை மூச்சடக்கிக் கண்டறிந்த மக்களின் வழித்தோன்றல்களுக்குத் தம் கிணற்றின் ஆழத்தை அளந்தெழுதுதல் அரிய செயலன்று.